வெயிலுகந்தம்மாளும் நாற்பத்தொரு விநாடியும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே, நாகலாபுரம் போகிற வழியில் ஓர் ஊர். இதற்கு மேல் விலாசம் சொல்ல வெயிலுகந்தம்மாள் சம்மதிக்கவில்லை. ஊர்ப் பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு, கிழக்கே என்று போட்டதே கூடுதல் என்று பதில் வந்தது. நாட்டின் பாதுகாப்பைக் கையில் வைத்திருந்த பெரிய மனிதர்கள் சிலர், ஓய்வு பெற்ற மறுநாளே தொலைக்காட்சி ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்து, வரைபடத்தில் குச்சியை வைத்து, படை இந்த வழியாகத்தான் போகும் என்று உலகத்துக்கே பாடம் நடத்துகிற காலம் இது. இந்தக் காலத்தில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஓர் அம்மாள் தன் ஊரின் பெயரையே ரகசியமாக வைத்திருக்கிறார்.

வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது குளத்தூர்ப் பக்கம். பத்தொன்பது வயதில் பிச்சையாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் செம்மறி ஆடுதான் பிழைப்பு. கூடவே கொஞ்சம் மானாவாரிக் காடு, மழை மனசு வைத்தால் கம்பு, வைக்காவிட்டால் புழுதி. மகன் இசக்கிராஜா பட்டாளத்தில் இருக்கிறான். பட்டாளத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பட்டாள வேலதான்" என்பார். மகள் உமாதேவி கோவில்பட்டியில் ஓர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊராருக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எடுத்துக் கொடுக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எவ்வளவு வருமானம், யார் எவ்வளவு குறைத்துச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் ரகசியத்துக்குப் பாதுகாப்பில்லாத ஒரே இடம் அவள் வாய்தான் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள்.

அம்மாளுக்கு இந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று புரிய, கிடை போடுகிற வழக்கத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மாசியில் வெள்ளாமை முடிந்ததும் கரிசல் காடுகள் வெறுமையாகக் கிடக்கும். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகளை ராத்திரி ஒருவருடைய காட்டில் அடைத்து வைத்தால், புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். அதற்குப் பெயர் கிடை. இன்றைக்கு ஒரு காடு, இரண்டு நாள் கழித்து இன்னொரு காடு. அடுத்த கிடை எங்கே என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: காட்டுக்காரர், ஆட்டுக்காரர், சோறு கொண்டுபோகிற வீட்டுக்காரி. நாலாவது ஆளுக்குத் தெரிந்தால் அந்த நாலாவது ஆள் குட்டியானை வண்டியில் வந்து ஆட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவான். அதனால் வழியில் போகிறவர்கள் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் கிடை இருக்கும் திசையைச் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்றால் தப்பான திசையைச் சொல்வார்கள். அங்கே அது பொய்யில் சேராது.

கல்யாணம் ஆன புதிதில் வெயிலுகந்தம்மாள் ஒரே ஒரு தடவை தவறினார். தூக்குவாளியோடு பஸ்சுக்கு நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், பிச்சையாவுக்கு ரொம்பத் தெரிந்தவன்போல, "அண்ணன் கிடை இப்ப எங்கன தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறான். தங்கச்சி என்று கூப்பிட்டானே என்று இவரும் ஓடைக்குத் தெற்கே என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்தபோது மந்தையில் முப்பத்தொரு உருப்படி இல்லை. பிச்சையா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையாம். திட்டியிருந்தால் அது அன்றைக்கே தீர்ந்திருக்கும். திட்டாததால் முப்பது வருஷமாகத் தீரவில்லை.

இனி யுத்தத்துக்கு வருவோம்.

போன வருஷம் சித்திரைக் கடைசியில் எல்லையில் சண்டை மூண்டபோது, உண்மையான சண்டை எல்லையில் நடந்தது. அதைவிடப் பெரிய சண்டை சென்னையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடந்தது. ஒன்று 'நொடி நியூஸ்'. இன்னொன்று 'உடனடி 24'. 'நொடி' இரவு எட்டு மணிக்கு எதிரியின் ஒரு நகரத்தைப் பிடித்தது. 'உடனடி' எட்டரைக்குள் இரண்டைப் பிடித்தது. மானம் போன 'நொடி', ஒன்பது மணிக்கு ஒரு துறைமுகத்தைக் கொளுத்தியது. செய்தி வாசிக்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. படை நகர்வை நேரலையில் காட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவுறுத்தியிருந்தது. அந்த அறிவுறுத்தலைத் திரையின் அடியில் ஓடவிட்டுக்கொண்டு, மேலே அம்புக்குறி போட்டுப் படையை நகர்த்திக் காட்டினார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்த நாலு நாளில் பூகோளத்தில் பெரிய தேர்ச்சி பெற்றார்கள்.

இந்த இரண்டு சாம்ராஜ்யங்களுக்கும் கோவில்பட்டியில் ஆளுக்கு ஒரு பகுதிநேர நிருபர் உண்டு. 'நொடி'க்கு மாயகிருஷ்ணன். 'உடனடி'க்குக் கொம்பையா. சென்னையில் முதலாளிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. இங்கே இவர்கள் இருவருக்கும் ஒரே பைக். பைக் மாயகிருஷ்ணனுடையது, கேமராவை நிறுத்தும் முக்காலி கொம்பையாவுடையது. பஸ் கவிழ்ந்தாலும், பட்டாசு ஆலை வெடித்தாலும், மணியாச்சியில் ரயிலை மறித்தாலும் ஒன்றாகவே போவார்கள். ஒரே முக்காலியில் முதலில் ஒருவர் படம் பிடிப்பார், பிறகு மற்றவர். ஒருவருடைய மைக் இன்னொருவருடைய படத்தில் விழுந்துவிடக் கூடாது என்பது மட்டுமே தொழில் தர்மம். அப்படி விழுந்துவிட்டால் சென்னையிலிருந்து வருகிற போனில் தாயார் வரைக்கும் விசாரிப்பார்கள்.

சண்டையின் இரண்டாம் நாள், வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு முப்பத்து நாலுக்கு வெயிலுகந்தம்மாளின் போனில் மகனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பத்தொரு விநாடி. நன்றாக இருக்கிறேன், இனி போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பத்துப் பன்னிரண்டு நாளைக்குப் பேச முடியாது, அப்பாவிடம் சொல்லிவிடு, உமாவைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். அம்மாள் அதை ஏழெட்டுத் தடவை கேட்டார். உமாதேவி அதைத் தன் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிக்கொண்டாள். பிச்சையா கிடையில் இருந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் குரல் பதிவெல்லாம் வராது. மறுநாள் மத்தியானம் சோறு கொண்டுபோகும்போது போனைக் கையோடு எடுத்துப்போய் அவர் காதில் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் உமாதேவி இ-சேவை மையத்துக்குப் போய்க் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அண்ணன் குரலைத் தோழிக்குப் போட்டுக் காட்டினாள். அங்கே தன் பட்டா நகலுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர் கொம்பையா. அடுத்த அரை மணி நேரத்தில் சென்னைக்குத் தெரிந்தது. சென்னையில் ஒரு கட்டடத்துக்குத் தெரிந்தால் இன்னொன்றுக்கும் தெரியும். பதினோரு மணிக்கெல்லாம் பைக் கிளம்பிவிட்டது. உமாதேவியும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள். அண்ணன் டிவியில் வரப்போகிறான் என்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் சேலை மாற்றிக்கொள்வதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாளாம்.

ஊர் எல்லையில் கொம்பையா இறங்கிக்கொண்டார். மாயகிருஷ்ணன் முன்னால் போக, இவர் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரோ எவரோ மாதிரி நடந்து வந்தார். சென்னைக்கு மரியாதை.

வீட்டு முற்றத்தில் இரண்டு மைக்கும் வந்து நின்றபோது வெயிலுகந்தம்மாள் ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். முகத்தைக் காட்டிப் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பரவாயில்லை, குரல் பதிவைக் கொடுத்தால் போதும் என்றார்கள். பையன் குரலைத் தமிழ்நாடே கேட்கும், எத்தனையோ தாய்மார்களுக்கு அது தைரியம் என்றார் மாயகிருஷ்ணன். அதில் அம்மாள் கொஞ்சம் இளகியது உண்மை. தன் மகன் குரல் அடுத்த வீட்டுப் பெண்களுக்குத் தைரியம் தரும் என்றால் எந்தத் தாய்தான் இளக மாட்டாள்? கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார்.

கொடுப்பதில் ஒரு சிக்கல் வந்தது. யாருக்கு முதலில்? தகவலைக் கண்டுபிடித்தது தான் என்பதால் தனக்கே முதலில் என்றார் கொம்பையா. பைக் தன்னுடையது, பெட்ரோலும் தன்னுடையது என்றார் மாயகிருஷ்ணன். இத்தனை வருஷ சிநேகிதம், முதல் தடவையாக இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அதற்குள் சென்னையில் இரண்டு திரைகளிலும், 'எல்லையிலிருந்து ஒரு வீரனின் குரல்: இன்னும் சற்று நேரத்தில்' என்று சிவப்பில் ஓட ஆரம்பித்துவிட்டது. மாயகிருஷ்ணனின் போனில் ஒரு பெண் குரல், இரண்டு நிமிஷத்தில் வராவிட்டால் நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மிக இனிமையாகச் சொன்னது.

இவர்கள் சண்டை முடியாததால், எதற்கும் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்று கொம்பையா காதில் ஒயரைச் செருகிக்கொண்டு அம்மாளின் போனில் அதைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"நல்லா கிளியரா இருக்குக்கா. பின்னால ஆட்டு மணி, குட்டி கத்துத சத்தம் எல்லாம் சேந்து, நம்மூர்ல இருந்து பேசுத மாதிரியே இருக்கு."

"மணியா?" என்றார் வெயிலுகந்தம்மாள்.

ஏழெட்டுத் தடவை கேட்டும் அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. இதுதான் விசித்திரம். வேறு யாராக இருந்தாலும் அந்த மணியை முதலில் கேட்டிருப்பார்கள். ஆட்டுச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே பிள்ளை பெற்று வளர்த்தவருக்கு ஆட்டுச் சத்தம் ஒரு சத்தமே இல்லை. அது மூச்சு மாதிரி. மகனும் அப்படியே வளர்ந்தவன்தான். இடம் தெரியாமல் பேச வேண்டும் என்று மலையா காடா என்று எதையும் சொல்லாமல், வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பேசியிருக்கிறான். பக்கத்தில் ஒரு மந்தையே போய்க்கொண்டிருந்தது அவன் காதில் விழவில்லை. ஆட்டுக்கார வீட்டுப் பிள்ளையைத் தவிர வேறு எவனும் செய்ய முடியாத தவறு.

அம்மாள் போனை வாங்கினார். ஒருமுறை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார். நிருபர்கள் இருவரும் பெற்ற மனசு என்று ஒதுங்கி நின்றார்கள். மாயகிருஷ்ணன் அந்தக் காட்சியைப் படம்கூட எடுத்தார். கண்ணை மூடி, போனைக் காதோடு வைத்துக்கொண்டிருக்கும் தாய். 'நொடி'யில் அன்று முழுக்க அந்தப் படம்தான் ஓடியது. மகன் குரலில் அவர் உருகுகிறார் என்று வர்ணித்தார்கள். உண்மையில் அந்த நேரத்தில் அவர் மகன் குரலை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது என்ன என்பதை இப்போது சொல்லலாம். அந்தப் பட்டாளம் அங்கிருந்து எப்போதோ இடம் மாறிவிட்டது. இப்போது எங்கே என்று கேட்டால் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்.

முதலாவது, குட்டிகள். காலையில் தாயைப் பிரிந்த குட்டி ஒரு மாதிரி கத்தும். சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து தாய் திரும்பும்போது பாலுக்காக வேறு மாதிரி கத்தும். பதிவில் இருந்தது சாயங்காலக் கத்தல். பதிவு வந்த நேரமோ ஏழு முப்பத்து நாலு. நம் பக்கத்தில் ஆறரைக்கெல்லாம் ஆடு அடைந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பொழுது அடைகிற ஊர் என்றால் மேற்கே வெகு தூரம். முன்பொரு தடவை அந்தத் திசையில் இருந்தபோது, ஏழு மணிக்குப் போன் செய்து இன்னும் வெயில் அடிக்கிறது என்று மகன் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

இரண்டாவது, குளம்பு. கரிசலில் கோடையில் மந்தை நடந்தால் கட்டி உடைகிற சத்தம் கேட்கும். கல் தரையில் கடகடக்கும். பதிவில் மணிகள் ரொம்பக் கிட்டத்தில் கடந்து போகின்றன. குளம்புச் சத்தம் ஒன்றுகூட இல்லை. மணல்.

மூன்றாவது, தண்ணீர். தொட்டியில் முகத்தை வைத்து ஆடுகள் உறிஞ்சுகிற சத்தம். மணல் காட்டில் தொட்டியோடு ஒரு கிணறு.

நாலாவதுதான் மோசம். மணிகளில் ஒன்று கீறல் விழுந்த மணி. ஆட்டுக்காரர்களுக்கு மந்தையின் மணி என்பது கதவில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி. இருட்டில், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போகிற மந்தை யாருடையது என்று மணியை வைத்தே சொல்வார்கள். அதிலும் கீறல் மணி என்றால் சந்தேகமே இல்லை.

படித்த நிபுணர்கள் வானத்திலிருந்து படம் எடுத்துத் தேடுகிற ஓர் இடத்தை, முற்றத்தில் நின்றபடி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், ஒரு நிமிஷத்துக்குள் வெயிலுகந்தம்மாள் கண்டுபிடித்துவிட்டார். எந்த ராணுவமும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

கண்ணைத் திறந்தார். பதிவின் மேல் விரலை அழுத்தி, குப்பைத் தொட்டிப் படத்தைத் தொட்டார். தினமும் காலையில் சொந்தக்காரர்கள் அனுப்புகிற ரோஜாப்பூ வணக்கங்களை அழித்து அழித்து அந்தக் குப்பைத் தொட்டி அவருக்கு நல்ல பழக்கம். பிறகு, அப்போதுதான் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்த மகளைப் பார்த்தார்.

"ஏட்டி, ஒன் போன குடு. அதுலயும் ஒரு தடவ கேக்கேன்."

அவள் எடுத்துத் திறந்தே கொடுத்தாள். அதிலும் அழித்தார்.

விஷயம் புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. மாயகிருஷ்ணன் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கொம்பையா உமாதேவியின் போனைப் பார்த்தார்.

"என்னக்கா, ஒண்ணையும் காணல?"

"கை பட்டுட்டு தம்பி."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயுந்தான். எழுதப் படிக்கத் தெரியாத கைதான."

காரணத்தைச் சொல்ல முடியாது. ஏனென்றால் காரணம்தான் ரகசியம். ஆட்டுச் சத்தத்தால் அழித்தேன் என்று சொன்னால், சாயங்காலத்துக்குள் 'நொடி'யில் ஒரு நிபுணரும் 'உடனடி'யில் இரண்டு நிபுணர்களும் உட்கார்ந்து அது எந்த ஆடு என்று விவாதித்திருப்பார்கள். அதனால் புத்தி பேதலித்த கிழவியாக ஊர் பார்த்தாலும் பரவாயில்லை என்று நின்றார். இரண்டு பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். குடிக்கிற நிலைமையில் அவர்கள் இல்லை. முக்காலியை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி வந்து எடுத்துப்போனார்கள்.

உமாதேவி அழவில்லை. உள்ளே போய்ச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்தக் குரலுக்கு எங்கம்மா போவேன்?"

அம்மாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இருந்தது அந்த நாற்பத்தொரு விநாடிதான். அதுவும் இப்போது இல்லை. மகளிடம் சொல்லலாம்தான். ஆனால் மகள் நாளைக்கு இ-சேவை மையத்துக்குப் போவாள். அன்றிலிருந்து உமாதேவி தாயோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

மத்தியானம் அம்மாள் கிடைக்குப் போனார். தகவல் அதற்குள் பட்டன் போன் வழியாகவே பிச்சையாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் உடை மரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் முதலில் அவருடைய போனை வாங்கித் துண்டில் சுற்றி, முப்பது அடி தள்ளி இன்னொரு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். அது ஒட்டுக் கேட்குமா என்று தெரியாது, கேட்காது என்றும் தெரியாது என்பது அவர் கட்சி. பிறகு சோற்றை எடுத்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

பிச்சையா சாப்பிட ஆரம்பித்தார். கடைசியில் மணியைப் பற்றி மட்டும் கேட்டார்.

"கீறல்னு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். வெங்கல மணி. ரெண்டு தட்டுக்கு ஒருக்கா கம்முது."

பிச்சையா உருட்டின கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "அப்ப கேட்டவனுக்கு அடையாளம் தெரிஞ்சிரும்."

"அங்கிட்டும் ஆடு மேய்க்கவன் இருப்பாம்லா," என்றார் அம்மாள்.

இந்த நாலு வார்த்தையை நான் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் முழுக்க இரண்டு தொலைக்காட்சியிலும் எதிரிக்கு மீசை இருந்தது, கொம்பு இருந்தது, கோரப்பல் இருந்தது. காது இருக்கும் என்று நினைத்துப் பார்த்தவர் இந்தக் கரிசல் காட்டில் ஒரே ஒருத்தர்தான். தன்னைப் போலவே ஒருவன், தன்னைப் போலவே கம்பை ஊன்றி நின்று, தன்னைப் போலவே மணியை வைத்து மந்தையைச் சொல்லக்கூடியவன் அங்கே இருப்பான் என்ற மரியாதை. ஓர் எதிரிக்கு அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பிச்சையா கடைசியாகக் கேட்டது, குரல் எப்படி இருந்தது என்று. அம்மாள் அதை அப்படியே சொல்லிக் காட்டினார். மகன் எங்கே மூச்சு வாங்கினானோ அங்கே மூச்சு வாங்கி, எங்கே இருமினானோ அங்கே நிறுத்தி, நாற்பத்தொரு விநாடியும். பிச்சையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முப்பத்தொரு உருப்படி போன அன்று திட்டாத மனிதர், அன்றைக்கும் திட்டவில்லை. மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

சென்னையில் நிலைமை மோசம். சற்று நேரத்தில் என்று போட்டாகிவிட்டது. சற்று நேரம் நாலு மணி நேரமாகிவிட்டது. கடைசியில் 'நொடி' ஒரு வழி கண்டுபிடித்தது. திருநெல்வேலிக்கார உதவி ஆசிரியர் ஒருவரை ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் உட்கார வைத்து, யம்மா நான் நல்லாருக்கேன் என்று பேச வைத்தார்கள். ஆட்டுச் சத்தம் இருந்ததாக நிருபர் சொல்லியிருந்ததால், இருப்பிலிருந்து ஆட்டுச் சத்தமும் எடுத்துச் சேர்த்தார்கள். அடியில் மிகச் சிறிய எழுத்தில் 'சித்தரிப்பு' என்று போட்டார்கள். இருபது நிமிஷத்தில் 'உடனடி' தன்னுடைய வீரனைப் பேச வைத்தது. அதில் ஆட்டோடு மாடும் கத்தியது, பின்னால் ஓர் அருவியும் விழுந்தது.

இரண்டையும் வெயிலுகந்தம்மாள் அடுத்த வீட்டு முத்துமாரியம்மாளின் டிவியில் பார்த்தார். அங்கே கூடியிருந்த பெண்கள், உன் மகன் குரல் கம்பீரமாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இது என் அண்ணன் இல்லை என்று கத்தப்போன உமாதேவியின் கையை அம்மாள் பிடித்து அழுத்தினார். எல்லோரையும் பார்த்து, ஆமாம், அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் பேசுவான் என்றார். மகள் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

கத்தியது வெள்ளாடு, செம்மறி இல்லை. அதுவும் மழை நாளில் கத்துகிற கத்தல் என்று அம்மாளுக்கு முதல் விநாடியிலேயே தெரிந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் அவர் நினைத்த அந்த ஆட்டுக்காரன் இதைக் கேட்டிருந்தால் மழைக்காட்டில் வெள்ளாடு தேடி, அருவிக் கரையில் மாடு தேடி, எங்கேயோ போயிருப்பான். அந்த யுத்தத்தில் 'நொடி'யும் 'உடனடி'யும் தங்களையறியாமல் தேசத்துக்குச் செய்த ஒரே தொண்டு அது என்று நம்புகிறேன். விருது கொடுப்பதாக இருந்தால் அருவிக்குக் கொடுக்கலாம்.

தாயை மிரட்டிப் பதிவை அழிக்க வைத்தது யார் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டி மறுநாள் விவாதம் வைத்தன. மாயகிருஷ்ணனும் கொம்பையாவும் இனி ஒரே பைக்கில் போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அன்று முழுக்கக் கொம்பையா டவுன் பஸ்சில் முக்காலியோடு தொங்கினார். அன்று சாயங்காலமே, நாலாம் நாளில், சண்டை நின்றது. தொலைக்காட்சிகள் தங்கம் விலைக்குப் போய்விட்டன.

வெயிலுகந்தம்மாளுக்கு நிற்கவில்லை. சண்டை நின்றால் போன் வர வேண்டும், வரவில்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். ஒருவேளை தான் அழிப்பதற்கு முன்பே, கொம்பையா காதில் வைத்த அந்த ஒரு நிமிஷத்தில், ஏதாவது வழியில் அது போய்ச் சேர்ந்திருக்குமோ என்று நினைப்பார். ஒருவேளை மகன் இல்லையென்றால், குரலையும் தானே கொன்றுவிட்டோமே என்று நினைப்பார். இதில் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை கட்டினார், கிடைக்குச் சோறு கொண்டுபோனார், பேசாத மகளுக்குத் தண்ணீர் சுட வைத்துக் கொடுத்தார். மனசுக்குள் அந்த நாற்பத்தொரு விநாடியை ஒரு நாளைக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாராம், மறந்துவிடக் கூடாது என்று.

பதிவை அழித்த பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, போன் அடித்தது. எடுத்தது உமாதேவி. அண்ணா என்றாள். ஸ்பீக்கரைப் போட்டுத் தாயின் முன்னால் நீட்டினாள்.

நன்றாக இருக்கிறாயா, சாப்பிட்டாயா எல்லாம் முடிந்தது. பிறகு இசக்கிராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யம்மா, நான் கடைசியா ஒரு வாய்ஸ் அனுப்புனேம்லா. அத யாருக்கும் அனுப்பிட்டியளா?"

"இல்லய்யா."

"அனுப்புன பெறகுதான் எனக்கு ஒறச்சுது. இத்தன நாளும் ஒறக்கமே இல்லம்மா. அதுல பின்னால ஆட்டுச் சத்தம் கேட்டுச்சா?"

வெயிலுகந்தம்மாள் போனைப் பார்த்தார். மகன்தான் கேட்கிறான். ஆனால் போனில் கேட்கிறான்.

"எந்த ஆடு?" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு, பல்லைக் கடித்து அடக்கிய ஒரு சிரிப்பு. இந்தப் பக்கம் உமாதேவி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவள் தன் அம்மாவை நேராகப் பார்த்தது அப்போதுதான். ஸ்பீக்கரை அணைத்து, போனை அம்மாவின் காதில் வைத்து, அவர் கையால் பிடிக்க வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

போன் அடித்த சத்தம் கேட்டு முத்துமாரியம்மாள் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, அண்ணனா? எங்கன இருக்கானாம்?"

"ராங் நம்பர் பெரியம்மா," என்றாள் உமாதேவி.